மூச்சு விடாத தங்கம்மா

ஏற்காடு மலையில் வெள்ளக்கடைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த தங்கம்மாவுக்கு வாய் நீளம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. அவளுக்கு மூச்சு நீளம். காலையில் முதல் செடியில் கை வைக்கும்போது ஒரு பேச்சைத் தொடங்கினாள் என்றால், அந்த வரிசை முடிந்து அடுத்ததற்குத் திரும்பும் இடத்தில்தான் அதற்கு முற்றுப்புள்ளி விழும். நடுவில் எங்கே மூச்சு எடுத்துக்கொள்கிறாள் என்று கண்டுபிடிப்பதற்காகவே கூடப் பறிக்கும் பன்னிரண்டு பெண்களும் ஒருநாள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்து பார்த்தார்கள். ஒருத்தியாலும் முடியவில்லை.

அவளுக்கு அடுத்த வரிசை எப்போதும் அத்தாயிக்குத்தான். இருவரும் கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அந்த எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். இருபது வருஷமாக எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடு, பக்கத்துப் பக்கத்து வரிசை. தங்கம்மா பேசுவாள், அத்தாயி "ம்" கொட்டுவாள். இருவருக்கும் அது பிடித்திருந்தது. மேஸ்திரி மாரியப்பன்தான் பாவம், "ஏம்மா தங்கம்மா, நான் விசில் ஊதுனாக் கூட உன்ற பேச்சுல கேக்க மாட்டேங்குதே" என்று தினமும் ஒருமுறை அலுத்துக்கொள்வார். பத்து மணி டீக்கும், மத்தியானச் சோற்றுக்கும், சாயங்காலம் வேலை முடிவதற்கும் அவர் கழுத்தில் தொங்கும் விசில்தான் மணி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் தங்கம்மாவுக்குச் சளி பிடித்தது. சளி போய்விட்டது, இளைப்பு மட்டும் போகவில்லை. மேடு ஏறினால் நாலு எட்டுக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. விடிகாலைக் குளிரில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. அவள் புருஷன் காளியண்ணன் பழம் அரைக்கும் ஆலையில் வேலை செய்பவன். பறிப்புக் காலத்தில் அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. "சளிதான், மொளகு ரசம் வெச்சுக் குடி" என்றான். அவளும் குடித்தாள். மிளகு தீர்ந்ததே தவிர இளைப்பு தீரவில்லை.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சொல்ல அவளுக்குப் பயம். அதற்குக் காரணம் அதே எஸ்டேட்டில் வேலை செய்த வேடியப்பன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் இருமி இருமி ரத்தம் துப்பினான். காச நோய் என்றார்கள். மருந்து சாப்பிட்டால் தீர்ந்துவிடும் நோய்தான். ஆனால் எஸ்டேட்டில் யார் அதைக் காதில் வாங்கினார்கள்? ஒட்டுவார் ஒட்டி என்று ஒரே கூச்சல். ஒரு வாரத்தில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கோவிந்தராஜ் வேலைப் பட்டியலில் அவன் பேரை அடித்துவிட்டார். பேர் போனால் லைன் வீடும் போய்விடும். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பாத்திரம் பண்டங்களைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியதைத் தங்கம்மா வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்கு ஒருநாள் அவள் பேசவில்லை.

இப்போது தன் நெஞ்சு இழுக்கும்போதெல்லாம் அந்தக் காட்சிதான் அவள் கண்முன் வந்து நின்றது. ரைட்டர் காதுக்குப் போனால் என் பேருக்கும் அதே கதிதான், வீடு போய்விடும், எங்கே போவோம் என்று உள்ளுக்குள் நடுங்கினாள். ஆகவே சொல்லவில்லை. அத்தாயியிடம் கூடச் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நோயை மறைக்கலாம், பேச்சு குறைந்ததை எப்படி மறைப்பது? பேச்சு என்பது வெளியே போகும் மூச்சில் ஏறிச் சவாரி செய்வது. அந்த மூச்சே தடுமாறினால் பேச்சு எங்கே ஏறும்? தங்கம்மாவின் ஒரு வரிசை நீளப் பேச்சு ஐந்து செடி நீளமானது, பிறகு ஒரு செடி நீளமானது, கார்த்திகை பிறந்தபோது ஒற்றை வார்த்தையாகிவிட்டது. அதுவும் வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய வார்த்தை.

அந்தச் சமயம் பார்த்துத்தானா அத்தாயியின் மகளுக்கு மாரமங்கலத்தில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும்? அத்தாயிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டில் எத்தனை மிளகுக்கொடி, மாமியார் எப்படி, மாப்பிள்ளையின் மீசை எப்படி என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவள் நாள் முழுக்கப் பேசினாள். எல்லாவற்றுக்கும் தங்கம்மா சொன்ன பதில் "ம்".

"ஏம்புள்ள, நல்ல எடம்தானே?"

"ம்."

"கார்த்திகைலயே தட்டு மாத்தீரலாமுன்னு சொல்றாங்க. உனக்கு என்ன தோணுது?"

"ம்."

அத்தாயி பறிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "என்ற புள்ளைக்கு நல்லது நடக்கறது உனக்குப் பொறுக்கலையாக்கும்? இருபது வருசமா நான் உனக்கு ம் கொட்டுனனே, ஒருநாளாவது இப்பிடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கொட்டுனனா?"

தங்கம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்ல நினைத்தது பெரிது, இருந்த மூச்சு சிறிது. கையை மட்டும் ஆட்டினாள். 'போ போ' என்று விரட்டுவதாக எடுத்துக்கொண்டாள் அத்தாயி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்தடுத்த வரிசையில்தான் பறித்தார்கள், நடுவில் ஒரு சுவரே எழும்பிவிட்டது. தங்கம்மா வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுதால் இன்னும் இழுத்தது. நிம்மதியாக அழக்கூட மூச்சு வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏற்காடு டவுனுக்கு பஸ் ஏறினாள். சந்தைக்கு வரும் சனங்களுக்காக அன்றைக்கும் திறந்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். நர்ஸ் தேவகுமாரி அவளை ஓரமாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"உங்களுக்கு வீசிங் இருக்குதுங்க அக்கா."

"விசிலுங்களா? அது எங்க மேஸ்திரிகிட்டத்தானுங்க இருக்குது."

தேவகுமாரி சிரித்துவிட்டாள். "இளைப்புங்க. நெஞ்சுல விசில் மாதிரிச் சத்தம் வருதில்ல, அது."

தங்கம்மா அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "சாமி, இது எஸ்டேட்டுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா என்ற பேர அடிச்சுருவாங்க. ஊடு போயிரும். நீங்க சொல்லீற மாட்டீங்கல்ல?"

"நான் ஏங்க சொல்றேன்? பயப்படாதீங்க" என்றாள் தேவகுமாரி. ஒரு நீல நிற பம்பை எடுத்து மடமடவென்று சொல்லிக் காட்டினாள். "நல்லாக் குலுக்குங்க. வாயில வெச்சு அமுக்கி மருந்தை உள்ள இழுங்க. இழுத்ததுக்கு அப்புறம் மூச்சு விடக் கூடாது. அதுதான் நொம்ப முக்கியம். மூச்சு விட்டுட்டா மருந்து வீணாப் போயிரும். சரிங்களா?"

தங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன நல்ல பெண்! தன் ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லித் தனக்கே புத்தி சொல்கிறாளே. மருந்தை யாருக்காவது தெரிந்து சாப்பிட்டால் பலிக்காது என்பது அவள் ஊரில் உள்ள வழக்கம்தான். பச்சிலை கொடுப்பவர்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கிலீஷ் மருந்துக்கும் அதே கட்டுப்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு உட மாட்டேனுங்க" என்று சத்தியம் செய்துவிட்டு எழுந்தாள். தேவகுமாரி அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அவள் காதில் அது விழவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். புருஷனிடம் மூச்சு விடவில்லை. பம்பை ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். இழுப்பு வந்தால் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, அமுக்கி, இழுத்து, யாராவது வந்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் புஸ்ஸென்று அப்போதே வெளியே விட்டுவிட்டு வந்து செடியைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்சம் இதமாக இருக்கும், பிறகு பழைய குருடி கதைதான். பத்துநாள் பார்த்துவிட்டு ஒன்றுக்கு இரண்டாக அமுக்கினாள். நெஞ்சு படபடத்தது, விரல் நடுங்கியது, பழம் கைநழுவிக் கீழே கொட்டியது. அப்படியானால் யாரோ பார்த்திருக்கிறார்கள், மருந்து அதனால்தான் பலிக்கவில்லை என்று முடிவு கட்டி, இன்னும் தூரமாக ஒதுங்க ஆரம்பித்தாள். ஒதுங்க ஒதுங்க ஏற வேண்டிய மேடும் கூடியது. என்ன செய்வது, பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மார்கழி முதல் வாரம். மஞ்சமேடு என்று ஒரு காடு, எஸ்டேட்டிலேயே செங்குத்தானது. அன்று காலையிலேயே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் செடி எது ஆள் எது என்று தெரியவில்லை. பெண்கள் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பறித்தார்கள். கீழே எங்கோ சருகு கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை மேலே ஏற வழியில்லாமல் பனியோடு கலந்து காட்டுக்குள்ளேயே நின்றது.

தங்கம்மாவுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு இருமவும் முடியவில்லை. ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுருக்குப்பைக்குப் போன கை அதன் கயிற்றை அவிழ்க்க முடியாமல் நடுங்கியது. உள்ளே இழுத்தாள், இழுத்தாள், போதவே இல்லை. நெஞ்சு புடைத்துக்கொண்டு நின்றது. பத்தடி தள்ளி அத்தாயி பறிக்கும் சத்தம் கேட்டது. 'அத்தாயி' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவளிடம் மூச்சு இல்லை. இப்படியே இந்தப் பனிக்குள் செத்துப்போய்விடுவேன், அவள் கோபமாகவே இருப்பாள் என்று நினைத்தாள். சாவை விட அது வலித்தது.

அத்தாயி அப்போது காதைத் தீட்டினாள். உய்ங்... உய்ங்... என்று சன்னமாக ஒரு சத்தம். டீ விசில்! 'இந்த மேஸ்திரிக்கு என்ன, ஊதவும் தெம்பில்லையா?' என்று முணுமுணுத்துக்கொண்டு பையை இறக்கி வைத்தாள். சத்தம் வந்த பக்கம் நாலு எட்டு வைத்தாள். விசில் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தது. உதடு நீலம் பூத்து, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, கண் மட்டும் அவளைப் பார்த்தது.

"அய்யோ, தங்கம்மா! ஏ புள்ள!" என்று அத்தாயி போட்ட சத்தத்தில் மஞ்சமேடு முழுக்க ஓடி வந்தது. மாரியப்பன் நிஜ விசிலை ஊதி ஜீப்பைக் கூப்பிட்டார். அத்தாயி மடியில்தான் தலை. டவுன் வரும்வரை அத்தாயி அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அத்தாயி வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை. அதுவே தங்கம்மாவுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகையாக மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தோள் இறங்கியது, உதட்டில் நீலம் மறைந்து சிவப்பு வந்தது. தேவகுமாரி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பம்பு குடுத்தனே அக்கா, அடிக்கலீங்களா?"

"அடிச்சனுங்களே."

"எங்க, எப்படின்னு காட்டுங்க."

தங்கம்மா குலுக்கினாள், அமுக்கினாள், இழுத்தாள், அடுத்த நொடியே புஸ்ஸென்று விட்டாள்.

"அக்கா! மூச்சு விடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னனே!"

தங்கம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாரியாத்தா சத்தியமா யாருகிட்டயும் மூச்சு உடலீங்க! என்ற ஊட்டுக்காரர்கிட்டக் கூட உடல. இதா நிக்கறாளே, இவகிட்டக் கூட உடல!"

தேவகுமாரி ஒரு கணம் விழித்தாள். பிறகு புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்மேலதான். நின்னு சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை நின்று நிதானமாகச் சொன்னாள்.

"நுரையீரல் தானா விரியாதுங்க அக்கா, அதுக்குன்னு சொந்தமாத் தசை கிடையாது. மாருக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்குது. அது கீழ இறங்குனா மாருக்குள்ள எடம் கூடும், காத்து தானா உள்ள வரும். அது தளர்ந்து மேல ஏறுனா காத்து தானா வெளிய போகும். ராத்திரி பகல் அதுபாட்டுக்கு நடக்கும். உங்களுக்கு உள்ள இருக்கற குழாயெல்லாம் வீங்கிச் சுருங்கிப் போச்சு. உள்ள வர்றப்போ நெஞ்சு விரியறதால குழாயும் கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், எப்படியோ வந்துரும். வெளிய போறப்போதான் குழாய் இன்னும் சுருங்கும், மாட்டிக்கும். பழம் பறிக்கற பை நிரம்பிப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"கொட்டீட்டு வருவனுங்க."

"கொட்டாம மேல மேல திணிச்சா?"

"எங்கீங்க கொள்ளும்?"

"அதேதான். நீங்க பழைய காத்தைக் கொட்ட முடியாம இன்னும் இன்னும் இழுத்தீங்க. மூச்சு வாங்குது வாங்குதுன்னு சொல்றமே, உங்களுக்கு வாங்கறது கஷ்டமில்ல, விடறதுதான் கஷ்டம். இந்த மருந்து போய்க் குழாயைத் தளத்தும். அது உள்ள போய்ப் படியறதுக்கு நேரம் வேணும். அதான் இழுத்துட்டுப் பத்து எண்ணற வரைக்கும் மூச்சை அடக்கணும். அப்புறம் மெதுவா விடணும். இது காசமில்ல, ஒருத்தருக்கும் ஒட்டாது. ஒட்டாதுன்னு டாக்டர்கிட்டச் சீட்டே வாங்கித் தர்றேன்."

அவள் போனதும் அத்தாயி கட்டில் ஓரமாக வந்து நின்றாள். முகம் சுண்டியிருந்தது.

"அப்ப அந்த ம்மு, இதுக்குத்தானா?"

தங்கம்மா தலையை ஆட்டினாள்.

"நான் உன்னை என்னென்ன பேசீட்டேன். ஏம்புள்ள, ஊருக்குத் தெரியக் கூடாது சரி. எங்கிட்டக் கூடவா மூச்சு உடக் கூடாது?" என்று கேட்டுவிட்டு அத்தாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தங்கம்மா அவளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இருவரும் அழுதார்கள். இந்தத் தடவை தங்கம்மாவுக்கு அழ மூச்சு இருந்தது.

நாலு நாளில் வேலைக்குத் திரும்பினாள். எஸ்டேட் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது, ஜீப்பில் போனதை யார் பார்க்கவில்லை? பன்னிரண்டு பெண்களும் ஒன்றும் கேட்கவில்லை. காடு ஏறுவதற்கு முன்னால் பம்பு அடிக்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இப்போது மரத்துக்குப் பின்னால் ஒதுங்கவில்லை. வரிசையின் தலைப்பில் நின்று அடித்தாள், பக்கத்தில் நின்று அத்தாயி எண்ணினாள். அத்தாயி எண்ணுவதில் அவசரமே கிடையாது.

மூன்றாம் நாள் காலை. தங்கம்மா பம்பை அமுக்கி இழுத்து வாயை மூடியதும், அத்தாயி "ஒண்ணு" என்றதும், பனிக்குள்ளிருந்து ரைட்டர் கோவிந்தராஜ் வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தது. கக்கத்தில் பட்டியல் நோட்டு, காதில் பேனா. பின்னால் மாரியப்பன் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"இந்தத் தங்கம்மாவுக்கு என்னமோ நெஞ்சு நோவுன்னு சொல்றாங்களே? வேடியப்பன் மாதிரி ஆயிருமோ என்னமோ. யாருக்குத் தெரியும்?" என்றார் ரைட்டர்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் முதல் பெண். "தெரியாதுங்க" என்றாள் இரண்டாமவள். எண்ணிக்கொண்டிருந்த அத்தாயியைத் தவிர வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தரிடமும் சொல்லி வைத்ததில்லை, ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"சரி, நீயே சொல்லு தங்கம்மா. உனக்கு நோவு இருக்குதா இல்லியா?"

தங்கம்மா கன்னத்தை உப்பிக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றாள். "நாலு" என்றாள் அத்தாயி.

"ஏம்மா, கேக்கறது காதுல உழுகலியா?"

"அஞ்சு."

ரைட்டர் காதிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பன்னிரண்டு பெண்களும் அந்தப் பேனாவையே பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டால் போதும் என்று தங்கம்மாவுக்குத் தோன்றியது. தலையாட்டினால் நாளைக்கு மறுபடியும் மரத்துக்குப் பின்னால் ஒளிய வேண்டும் என்பதும் தோன்றியது. அவள் தலையாட்டவில்லை. "ஆறு... ஏழு... எட்டு..." என்றாள் அத்தாயி. பேனா திறந்திருந்தும் அவள் ஒன்றைக்கூடத் தாண்டி எண்ணவில்லை. "ஒம்போது... பத்து. ம், உடு."

தங்கம்மா மெதுவாக விட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"இருக்குதுங்க ரைட்டரய்யா, நோவு இருக்குது, இளைப்பு, ஆனா வேடியப்பனுக்கு வந்தது வேற இது வேற, இது ஒருத்தருக்கும் ஒட்டாது, டாக்டரய்யா சீட்டே குடுத்திருக்காரு இதா இந்தச் சுருக்குப்பையில இருக்குது படிச்சுக்கோங்க, வேடியப்பனுக்கு வந்ததுங்கூட மருந்து தின்னாத் தீந்து போறதுதானாம், அது தெரியாம அந்தச் சனத்தை அன்னைக்கு பஸ் ஏத்தி உட்டுட்டோம், நானும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தவதான், அந்தப் பாவத்துக்குத்தான் இத்தனை நாளும் நீங்க பேர அடிச்சுருவீங்கன்னு பயந்து பயந்து மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு மருந்தை இழுத்து மருந்தும் வீணாப் போயி இந்த அத்தாயிகிட்டச் சண்டையும் வந்து மஞ்சமேட்டுல சாகக் கெடந்தேன், இப்ப ஒளிக்க ஒண்ணுமில்லீங்க, காலைல ஒரு இழுப்பு பத்து எண்ணி உட்டன்னா மஞ்சமேடு என்ன மலை உச்சிச் சேர்வராயன் கோயில் வரைக்கும் ஏறுவேன், நேத்து யாரு பை மொதல்ல நிரம்புச்சுன்னு மேஸ்திரியண்ணனைக் கேளுங்க, பேர அடிக்கறதுன்னா அடிச்சுக்கோங்க ஆனா மூச்சு இல்லாதவன்னு மட்டும் எழுதிறாதீங்க!"

ரைட்டர் சீட்டை வாங்கிப் படித்தார், இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டு மாரியப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"இவளுக்கு மூச்சுக் கோளாறுன்னு எவன்யா சொன்னது? கேக்கற எனக்கு முட்டுது. ஏம்மா, நடுவுல கொஞ்சம் மூச்சு உட்டுப் பேசக் கூடாதா?"

"இப்பத்தானுங்க உட்டிருக்கா" என்றாள் அத்தாயி.